இருபது நாள் பிரிக்காத பெட்டி

என் மனைவியின் வலது கண் போய் ஆறு வருஷம் ஆகிறது. இடது கண்ணில் மிச்சம் இருந்தது ஒரு குழாயின் அகலம்தான். கண் அழுத்த நோய். ஓரங்களை முதலில் தின்றுவிட்டு நடுவுக்கு வரும் என்று டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டுக் காட்டினார். "அது மூட இன்னும் எத்தனை மாசம்?" என்று கேட்டேன். "அதை எண்ணிச் சொல்ல முடியாது" என்றார்.

எண்ணிச் சொல்ல முடியாத எதையும் என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. மட்டாஞ்சேரி கடைவீதியில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பத்து நான்கு வருஷம் மூட்டை எண்ணினவன் நான். மூட்டை உள்ளே வந்தால் ஒரு கோடு, வெளியே போனால் ஒரு கோடு. வேலையை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியும் கை நிற்கவில்லை. அவளுடைய மாத்திரை, கண்ணில் விடும் சொட்டு மருந்து, மழை விட்ட நாள், எல்லாவற்றுக்கும் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு உண்டு.

எங்கள் ஒரே பெண் கனடாவில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினொன்றாவது வருஷம், இரண்டு முறை கலைந்த பிறகு, ஆடி மூன்றாம் தேதி அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஃபோனில் காட்டினாள். மனைவி ஃபோனைக் கையில் வாங்கினாள். அவளுக்குக் கை நடுங்கும். அந்தக் குழாய்க்குள் குழந்தையின் முகம் வரும், வந்ததும் நழுவும். ஒரு காது தெரிந்தது. பிறகு தொட்டில் கம்பி. பிறகு ஒன்றுமில்லை. நான் பிடித்துக் காட்டினேன். என் கையும் அப்படி ஒன்றும் திடமில்லை.

"முழு மூஞ்சியா ஒரு தரம் பாத்துட்டாப் போறும்னா" என்றாள். "பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி. அந்தச் சிரிப்பு அப்புறம் வராது."

பெண்தான் வழி சொன்னாள். பெரிய டிவி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினால், ஃபோனில் வருவதை அதில் காட்டலாமாம். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அம்மா எட்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தால் முகம் முழுவதும் அந்தக் குழாய்க்குள் அடங்கும்.

ஆடி பத்தாம் தேதி, கொட்டுகிற மழையில், தோப்பும்படி பாலம் தாண்டி எறணாகுளத்துக்கு பஸ்ஸில் போனேன். ஐந்து மாடிக் கடை. மலையாளிகளுக்குக் கர்க்கடகம் என்றாலும் நமக்கு ஆடி என்றாலும் புதுசு வாங்க ஆள் வராத மாதம். டிவி இருந்த மூன்றாவது மாடியில் வாங்க வந்தவர்கள் நான்கு பேர், விற்க நின்றவர்கள் ஒன்பது பேர். சுவரில் நாற்பத்தாறு டிவி. நாற்பத்தாறிலும் ஒரே ஆமை, ஒரே நேரத்தில், ஒரே பக்கம் நீந்திப் போனது.

நீலச் சட்டை போட்ட விற்பனையாளர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஃபோன் நம்பர் கேட்டார். நம்பரைக் கையிலிருந்த கருவியில் அடித்தபிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கிள் தமிழா? எனக்குத் தமிழ் நல்லா அறியாம். சினிமா கண்டு படிச்சதா. சொல்லுங்க, என்னா வேணும்? எல்லாம் நம்ம கையில உண்டு." தமிழ் நன்றாகத் தெரியுமாம், சினிமா பார்த்துக் கற்றதாம்.

நான் நாலு தலைமுறை மட்டாஞ்சேரி, மலையாளத்திலேயே பேசலாம் என்று சொன்னேன். அவர் விடவில்லை. கடைசிவரை அந்தத் தமிழிலேயே பேசினார்.

ஆமை நீந்தும் டிவியை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது? மனித முகம் வரும்படி ஏதாவது போடச் சொன்னேன். செய்தி வாசிக்கும் ஒரு பெண்ணை வரவழைத்தார். டிவியின் அடியிலிருந்து அடி வைத்து அளந்து எட்டடியில் நின்றேன். இடது கையை முஷ்டியாகச் சுருட்டி, நடுவில் ஒரு சின்னத் துளை விட்டு, அதைக் கண்ணில் வைத்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதல் டிவியில் முகம் சின்னதாகக் கிடந்தது. அடுத்ததில் மூக்கும் ஒரு கண்ணும்தான் துளைக்குள் வந்தன. அளவு மாற்றி மாற்றி ஒவ்வொன்றின் முன்னாலும் எட்டடி அளந்து நின்றேன். ஏழாவது டிவிக்குப் போகும்போது பின்னால் சிரிப்பு கேட்டது.

"அங்கிளே, கப்பல் வருன்னுண்டோ?" என்றார் இன்னொரு நீலச் சட்டைக்காரர். துறைமுகத்துக்காரனைக் கேட்கவேண்டிய கேள்விதான்.

"வருன்னுண்டு" என்றேன். "கனடாவிலேர்ந்து."

பதினோராவது டிவியில் செய்திக்காரியின் முகம் நெற்றி முதல் முகவாய்வரை துளைக்குள் அடங்கி நின்றது. அதையே எடுத்துக்கொண்டேன். ஏன் அப்படிப் பார்த்தேன் என்று சொன்னதும் விற்பனையாளர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தானும் முஷ்டியைச் சுருட்டி எட்டடியில் நின்று பார்த்தார். "சரியாணு அங்கிளே, முழு முகம் வரும்" என்றார். பில் போடும் இடம்வரை கூடவே வந்தார். "ஒரு மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் தரணும் கேட்டோ. இல்லேன்னா மேனேஜர் எனக்கு வழக்கு பறயும்." திட்டுவாராம்.

பில் போட்ட பெண் காகிதத்தைத் திருப்பி ஒரு வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டாள். சேதம் இருந்தால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நான் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். படிக்கத் தெரியாமல் ஏமாந்தவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கிடங்கில் மூட்டையின் முத்திரையை வெட்டின நாள்தான் முதல் நாள். வெட்டாத மூட்டைக்கு நாள் கிடையாது. அது ஒரு மாதம் கிடந்தாலும் இன்று வந்ததாகத்தான் அர்த்தம். முப்பத்து நான்கு வருஷம் அப்படி எண்ணினவனுக்கு, பிரிக்காத பெட்டிக்கு நாள் ஓடும் என்பது தோன்றவே இல்லை. எப்போதிலிருந்து பத்து நாள் என்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை.

பெட்டி ஆடி பன்னிரண்டாம் தேதி வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மாடிக்குப் பதினேழு படி, பதினொன்றாவது இளகியது, பார்த்து என்று கீழிருந்தே கத்திக்கொண்டிருந்தேன். கூடத்தில் கொண்டுவந்து சுவரோடு சாய்த்து வைத்தார்கள். ஃபோனில் வந்த நம்பரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். போய்விட்டார்கள்.

மனைவி கட்டிலிலிருந்து எழுந்து வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தனாம் பெருசு! பிரிச்சுடுங்கோ. மாட்டறவனைக் கூப்பிடுங்கோ."

"ஆடி" என்றேன்.

"அதுக்கு?"

"இன்னும் இருபது நாள். ஆவணி ஒண்ணு பொறக்கட்டும். வாங்கறது வேற. ஆத்துல புதுசா ஒண்ணைத் தொடங்கி வெக்கறது வேற."

இதை வெறும் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பெண்ணுக்கு இரண்டாவது முறை கலைந்தது ஒரு ஆடியில். அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான், நான் வேண்டாம் என்று சொல்லியும், அவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது நிரூபிக்கட்டும். பெட்டி வந்த அன்று இந்தக் குழந்தைக்கு ஒன்பது நாள். அதன் முகத்தை முதலில் பார்க்கிற காரியத்தை ஆடியில் தொடங்க எனக்குத் தைரியம் இல்லை.

"கொழந்தையே ஆடியிலதான் பொறந்துது" என்றாள் மனைவி. "திருப்பி அனுப்பிட்டாளா?"

அவள் இப்படி மடக்கினால் நான் எழுந்து காலண்டரிடம் போவேன். அன்றும் போனேன்.

பெட்டி கூடத்தில் நின்றது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி அது. வழக்கமாக அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு போவாள். இப்போது சுவரை மறைத்துப் பெட்டி இருந்ததால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனாள். நடுவில் ஒரு தரம் நின்று, உள்ளங்கையை நன்றாக ஊன்றி, மூச்சு வாங்கிக்கொள்வாள். ஒரு நாளைக்குப் போக ஆறு தடவை, வர ஆறு தடவை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

காலையில் காப்பி கொடுக்கும்போது கேட்பாள்.

"இன்னும் எத்தனை?"

"பதினாலு."

"கண்ணு இருக்கோன்னோ அதுவரைக்கும்?"

"இருக்கும்."

"நீங்க எண்ணிச் சொன்னாச் சரி. உங்க கணக்குலதான் தப்பே வராதே."

நடுவில் மெசேஜ் வந்தது. உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்? நான் நாலு கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்காமல் ஐந்து எப்படிக் கொடுப்பது?

ஆவணி ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்தார். ஊர் கம்பம். இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறதாம், தமிழ் பேசும் வீடு என்றதும் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். பெட்டியைப் பிரித்தார், தெர்மாகோலை எடுத்தார், சுவரில் நாலு துளை போட்டு மாட்டினார். மனைவி தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு, நான் எட்டடி அளந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கனடாவில் அப்போது இரவு. பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் காத்திருந்தாள்.

டிவி உயிர் பெற்றது. சத்தம் கணீரென்று வந்தது. "அம்மா, தெரியறதா?" என்றாள் பெண்.

படத்தில் இடது பாதிதான் இருந்தது. வலது பாதி முழுக்கக் கறுப்பு. கறுப்பும் வெளிச்சமும் சேரும் இடத்தில் சிலந்தி வலை மாதிரி கோடுகள். பெண்ணின் தோளும் முடியும் தெரிந்தன. குழந்தை கறுப்புப் பக்கத்தில் இருந்தது.

மெக்கானிக் பின்பக்கத்து வயரைத் தொட்டுப் பார்த்தார். மனைவியின் முகம் மெதுவாகச் சுருங்கியது. தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சரி" என்றாள். யாரிடமும் சொல்வது போல இல்லை. "இந்தக் கண்ணும் பாதி போயிடுத்து."

"இல்லை, இல்லை" என்றேன். பதறி எழுந்ததில் நாற்காலியில் முட்டிக்கொண்டேன். "உன் கண்ணு இல்லை. டிவி ஒடைஞ்சிருக்கு. எனக்கும் பாதிதான் தெரியறது."

"நெஜமாவா?"

"நெஜம்மா, ஒடைஞ்சிருக்குதும்மா" என்றார் மெக்கானிக். "பேனல் போயிருச்சு."

அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. "டிவிதானா! பகவானே, நான் பயந்தே போயிட்டேன். டிவி போனாப் போறது, வேற குடுப்பான்."

மெக்கானிக் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார்.

"பெட்டி வந்து எத்தன நாளாச்சு சார்?"

"இருபது."

"ஏன் சார்?"

"ஆடி."

"சார், எங்க ஊர்லயே இப்ப டிவிக்கெல்லாம் ஆடி பாக்கறதில்ல. பத்து நாள் தாண்டுச்சுன்னா கம்ப்யூட்டர் எடுக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாய்ச்சு வெச்சிருந்தீங்களா? யாராச்சும் மேல சாஞ்சாங்களா? நடுவுல அழுத்துனா இப்பிடித்தான் விடும்."

"யாரும் சாயலை" என்றேன்.

உள்ளே அவள் பெண்ணிடம் சிரித்துச் சிரித்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு ஐந்து தடவை போனேன். ஓணம் நெருங்கிவிட்டது. ஆடியில் வாங்க வந்தவர்களைவிட விற்க நின்றவர்கள் அதிகமாக இருந்த இடத்தில் இப்போது நுழையவே முடியவில்லை. பழுது பார்க்கும் பிரிவு கீழ்த்தளத்தில். கதவருகில் ஒரு இயந்திரம் டோக்கன் துப்பியது. முதல் நாள் எனக்கு எண்பத்து மூன்று. சுவரில் ஓடிய எண் நாற்பத்தாறு. இரண்டு மேஜை, ஒன்றில் ஆள் இல்லை. மேலே சுவரில் அந்த ஆமை நீந்திக்கொண்டிருந்தது.

மேஜையில் இருந்த பெண் பில்லைப் பார்த்து நம்பரை அடித்தாள். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி சிவப்பு.

"சிஸ்டம் எடுக்குன்னில்ல அங்கிளே. பத்து திவசம் கழிஞ்ஞு."

"பெட்டியே பிரிக்கலை அம்மா. பிரிச்ச அன்னிக்கே சொல்லியாச்சு."

"டெலிவரி ஆய திவசம் முதல் ஆணு. எனிக்கு மாற்றான் பற்றில்ல." பெட்டி வந்த நாளிலிருந்து கணக்காம், அவளால் மாற்ற முடியாதாம். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. அது வேறு வருத்தமாக இருந்தது. யார் மீதாவது கோபப்பட்டால் கொஞ்சம் தேவலை.

கம்பெனிக்கு ஃபோன் செய்யச் சொன்னாள். செய்தேன். மலையாளத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு என்று ஆரம்பித்துத் தமிழ் ஐந்தில் வந்தது. ஐந்தை அழுத்தினால் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசி இன்னும் அழுத்தச் சொன்னது. மொத்தம் பதினான்கு முறை அழுத்தினேன். பதினான்காவதில் இணைப்பு போனது. மறுநாள் மறுபடி பதினான்கு.

நான்காவது தடவை போனபோது அந்த நீலச் சட்டை விற்பனையாளர் மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் முஷ்டியைக் கண்ணில் வைத்துக் காட்டினார்.

"அங்கிள்! கப்பல் வந்துச்சா?"

சொன்னேன். டோக்கன் கூட்டத்தில் நின்றபடியே முழுவதும் கேட்டார். பிறகு என் பில்லைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். "மேனேஜர்கிட்ட நான் பறயலாம். வாக்கு தரமாட்டேன் கேட்டோ. பட்சே பறயும்." சொல்லிப் பார்ப்பாராம். நாலு நட்சத்திரம் கொடுத்ததை அவர் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் அது உறுத்தியது.

ஐந்தாவது தடவை ஒரு படிவம் கொடுத்தார்கள். அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். வாங்கினவர் தவறு இல்லை என்றால் கம்பெனி மாற்றித் தரக்கூடும். பொருள் மீது எடையோ அழுத்தமோ பட்டதா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, இருபது நாள். இருநூற்று நாற்பது. இல்லை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். நான் போட்ட கோடுகளில் தெரிந்தே பொய்யாகப் போட்டது அது ஒன்றுதான். அதைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அனுமதி வர நாள் ஆயிற்று. நடுவில் கண் டாக்டரிடம் போக வேண்டிய தேதி வந்தது. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நான் வெளியே உட்கார்ந்து அவள் அழுத்தும் சத்தத்தை எண்ணினேன். போன தடவை முப்பத்தொன்று. இந்தத் தடவை பன்னிரண்டு. வெளியே வந்தவள், "நன்னா அழுத்தினேனா?" என்று கேட்டாள். நன்றாக அழுத்தினாய் என்றேன்.

புது டிவி வந்தது ஐப்பசியில், ஆவணி ஒன்றிலிருந்து எழுபத்து நான்காவது நாள். அன்றைக்கே பிரிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். பெட்டியைச் சாய்க்க விடவில்லை. மெக்கானிக் வரும்வரை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாள், நட்சத்திரம், ராகு காலம் எதுவும் பார்க்கவில்லை. அதே கம்பத்துக்காரர்தான் வந்தார். அதே நாலு துளை. அதே எட்டடி. மனைவி அன்றைக்குக் கட்டின அதே புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

படம் வந்தது. மூலைக்கு மூலை முழுசாக வந்தது. பெண் குழந்தையைத் தூக்கி நேராகக் காமிராவுக்கு முன்னால் பிடித்தாள். மூன்று மாதம் தாண்டிய குழந்தை. நெற்றியில் மைப் பொட்டு. அது எதையோ பார்த்து வாய் முழுக்கச் சிரித்தது. பல் இன்னும் முளைக்கவில்லை. ஈறு மட்டும் ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது.

மனைவி தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு, கோபம்கூட இல்லாமல், "ஏன்னா, இதுவும் ஒடைசல்தான்" என்றாள். "அன்னிக்கு மாதிரியேதான். கறுப்பாத்தான் இருக்கு. ஒரு மூலையில மட்டும் என்னமோ ஆடறது."

மெக்கானிக் கையில் ஸ்க்ரூடிரைவரோடு என்னைப் பார்த்தார். டிவிக்குள் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்" என்றேன். "ஒடைசல்தான்."

"இந்தத் தடவை வந்த அன்னிக்கே பிரிச்சாச்சே. பத்து நாள் தாண்டலையே. மாத்திக் குடுப்பான்."

"குடுப்பான். நான் போய்ச் சொல்றேன்."

மெக்கானிக் கிளம்பும்போது படிக்கட்டில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதினொன்றாவது படி இளகியது என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து காலையில் காப்பி கொடுக்கும்போது கேட்டாள், கடையில் சொன்னீர்களா என்று. சொன்னேன் என்றேன். என்ன சொன்னான்? சிஸ்டம் எடுக்கவில்லையாம். இன்னும் எத்தனை நாள் இருக்கு? எட்டு. ஏழு. ஆறு. காலண்டரின் பின்பக்கத்தில் அந்தக் கோடுகளையும் போட்டுக்கொண்டு வந்தேன். நட்சத்திரம் கேட்டு மெசேஜ் வந்தது. ஐந்து கொடுத்தேன்.

பத்தாம் நாள் காலையில், "இன்னிக்குத்தானே கடைசி?" என்றாள்.

"ஆமாம்."

"மறந்துடாதேங்கோ."

"மறக்கலை."

பதினோராம் நாள் அவள் கேட்கவில்லை. காப்பியை வாங்கிக் குடித்தாள், டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடித் தரையைத் தடவினாள். நான் வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகும் ஒரு நாளும் கேட்கவில்லை.

சாயங்காலம் பெண் கூப்பிடுகிறாள். எட்டடியில் நாற்காலி இருக்கிறது. மனைவி அதில் உட்கார்ந்து, டிவியில் சத்தம் வரும் பக்கமாகக் காதைத் திருப்பிக்கொள்கிறாள்.